ஒரு நித்திரை விஞ்ஞானியின்ர சைட்டேஷன் நம்பரை எப்பிடி வாசிக்கிறது

தங்கச்சி, நீர் கேட்டதை முதல் ஒருக்கா சொல்லுறன், வாசிக்கிற மற்ற ஆக்களுக்கும் விளங்கட்டும். மெடிக்கல் ஃபைனல் இயரில நிக்கிறீர், நித்திரை பற்றின நியூரோசயன்ஸ் பக்கம் ரிசேர்ச்சுக்குப் போக விருப்பம், ஸ்டான்ஃபோர்டில இருக்கிற எமானுவேல் மின்யோ எண்டவற்ற கணக்கைப் பாத்திருக்கிறீர், எச்-இண்டெக்ஸ் நூறுக்கு மேல, சைட்டேஷன், அதாவது மற்ற ஆக்கள் தங்கட பேப்பரில அவற்ற பேப்பரைக் காட்டி எழுதினது, பல பத்தாயிரம். இது உண்மையா எவ்வளவு பெரிய விஷயம், இப்பிடி ஒரு நம்பர் எப்பிடி வருது, வெளிநாட்டில சுப்பவைசர் தேடேக்க இதை வச்சுத் தேடலாமோ. இதுதான் கேள்வி.

நம்பர் பெரிசுதான், அதில சந்தேகமே இல்லை. ஆனா அந்த ஒரு நம்பருக்குள்ள நாலு விதமான வேலை ஒண்டாக் கலந்து கிடக்கு, அதைப் பிரிச்சுப் பாக்காட்டி ஆளையும் விளங்காது, அவர் செய்த வேலையையும் விளங்காது. நான் இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போறன், ஏனெண்டா நித்திரை விஞ்ஞானத்தின்ர கதையே இந்தக் கணக்கு எங்க சரி எங்க பிழை எண்டு காட்டுறதுக்கு அவ்வளவு நல்ல கதை.

எச்-இண்டெக்ஸ் எண்டது 2005-ல ஜோர்ஜ் ஹேர்ஷ் எண்ட பௌதிக விஞ்ஞானி கொண்டுவந்த கணக்கு. உம்மட பேப்பருகளில பத்துப் பேப்பர் ஒவ்வொண்டும் பத்துத் தரமாவது மற்ற ஆக்களால சைட் பண்ணப்பட்டிருந்தா உம்மட எச் பத்து. நூறு எடுக்கிறதெண்டா நூறு பேப்பர், ஒவ்வொண்டுக்கும் குறைஞ்சது நூறு. இதுக்குள்ள ஒரு விஷயத்தைக் கவனியும், ஒரே ஒரு பேப்பர் பத்தாயிரம் தரம் சைட் பண்ணப்பட்டாலும் எச்-இல அது ஒண்டைத்தான் கூட்டும். அப்ப இந்தக் கணக்குக்குப் பிடிச்ச ஆள் ஆரெண்டா கன வருசமா, கனக்க ஆக்களோட சேந்து, விடாமல் எழுதிக்கொண்டிருக்கிற ஆள். அது நல்ல குணம்தான், ஆனா கண்டுபிடிப்பு எண்டது வேற ஒரு சாமான்.

யூஜின் அசரின்ஸ்கியை எடுத்துப் பாரும். ரெம் நித்திரை, அதாவது மூடின இமைக்குள்ள கண் வேகமா ஓடுற, கனவு கூட வாற நித்திரை, எண்டு நீர் ஃபிசியோலொஜியில படிச்சிருப்பீர் எல்லோ, அதைக் கண்டவர் அவர்தான். 1950-களின்ர துவக்கத்தில சிக்காகோ யூனிவேர்சிட்டியில நதானியல் கிளைட்மனுக்குக் கீழ பிஎச்டி மாணவன், முதல் டிகிரி கூட ஒழுங்கா முடிக்காமல் உள்ளுக்குப் போன ஆள், கலியாணம் கட்டிப் பிள்ளையும் இருக்கு, கையில காசில்லை. கிளைட்மன் முதல் குடுத்த வேலை குழந்தைப்பிள்ளையள் நித்திரையாகேக்க கண் இமைக்கிறதைப் பாத்து எழுதுறது. பேந்து அசரின்ஸ்கி, ஆரும் தொடாமல் கிடந்த ஒரு பழைய மெசினை எடுத்துத் திருத்தி, தன்ர எட்டு வயசு மகன் ஆர்மண்டின்ர தலையிலயும் கண்ணுக்குப் பக்கத்திலயும் வயர் ஒட்டி, இரவிரவா முழிச்சிருந்து பாத்தவர். பெடியன் நல்ல நித்திரை, ஆனா பேனை மட்டும் முழிச்சிருக்கிற ஆளுக்கு ஓடுற மாதிரி மேலயும் கீழயும் வெட்டி வெட்டி ஓடுது. முதல் மெசின்தான் பழுதெண்டு நினைச்சு அதை வடிவாச் செக் பண்ணினவர். ஒரு இரவுக்கு அரை மைல் நீளத்துக்கு பேப்பர் ஓடுற காலம் அது, அத்தனையையும் கண்ணால பாத்துத்தான் படிக்கவேணும். கிளைட்மன் லேசில நம்பேல்ல, தன்ர மகளையே படுக்கவச்சுப் பாத்த பிறகுதான் ஓமெண்டவர்.

1953 செப்டெம்பரில சயன்ஸ் எண்ட சஞ்சிகையில வந்தது, ரெண்டு பக்கம். கண் ஓடேக்க ஆக்களை எழுப்பிக் கேட்டா 27 தரத்தில 20 தரம் தெளிவா கனவு சொல்லினம், கண் ஓடாத நேரம் எழுப்பினா 23 தரத்தில 19 தரம் ஒண்டும் ஞாபகமில்லை எண்டு சொல்லினம். நித்திரை எண்டா மூளை சும்மா அடங்கிக் கிடக்கிறது எண்டு அதுவரை இருந்த நினைப்பை அந்த ரெண்டு பக்கம் மாத்திப்போட்டுது. ஆனா அசரின்ஸ்கி அதே வருசம் சிக்காகோவை விட்டு சியாட்டிலுக்குப் போட்டார், தண்ணிக்குள்ள மின்சாரம் விட்டா சால்மன் மீன் என்ன செய்யுதெண்டு பாக்கிற வேலைக்கு, ஏனெண்டா குடும்பத்துக்கு ஒரு உழைப்பு வேணும். பிறகு பிலடெல்பியாவில உடற்றொழிலியல் படிப்பிச்சவர். அவற்ற பேருக்கு எச்-இண்டெக்ஸ் போட்டுப் பாத்தா இண்டைக்கு ஒரு புது லெக்சரருக்கு இருக்கிற அளவுதான் வரும், ஏனெண்டா பேப்பர் எண்ணிக்கை அவ்வளவுதான். நித்திரையைப் பற்றி எழுதிற எல்லாரும் அவற்ற அந்த ரெண்டு பக்கத்திலதான் நிக்கினம். இதை நினைக்கேக்க எனக்கு எப்பவும் மனசுக்குக் கஷ்டமா இருக்கும்.

அதே லாபில அப்ப மருத்துவம் படிச்சுக்கொண்டிருந்த வில்லியம் டிமெண்ட் எண்டவர் வேலையை விடாமல் கொண்டுபோனவர், 1957-ல கிளைட்மனோட சேந்து முழு இரவும் நித்திரை எப்பிடிச் சுத்திச் சுத்தி வருது எண்டு காட்டினவர், 1970-ல ஸ்டான்ஃபோர்டில நித்திரைக்கெண்டே ஒரு கிளினிக் திறந்தவர். நார்கொலெப்சி எண்ட நித்திரை வருத்தம் இருக்கிற நாயளைக் கொண்டுவந்து ஸ்டான்ஃபோர்டில வளக்கத் துவங்கினதும் அவர்தான். இந்த நாயளுக்குள்ளதான் மின்யோ வந்து விழுகிறார்.

நார்கொலெப்சி தெரியும்தானே, பகலில அடக்கேலாத நித்திரை, அதோட கெட்டாப்ளெக்சி, சிரிப்பு வந்தாலோ ஒரு சந்தோசம் வந்தாலோ உடம்பு சட்டெண்டு சோர்ந்துபோகும், ஆள் விழுந்திடும், ஆனா அறிவு இருக்கும். அமெரிக்கா, ஐரோப்பா பக்கம் கிட்டத்தட்ட 2000 பேரில ஒராளுக்கு இருக்கு. ஸ்டான்ஃபோர்டில இருந்த டோபர்மன் நாயளுக்குச் செய்யிற டெஸ்ட் சரியான லேசு. நிலத்தில சாப்பாட்டுத் துண்டுகளை வரிசையா வைக்கிறது, நாய் ஓடிவந்து முதல் துண்டைத் தின்னும், அந்த சந்தோசத்திலயே பின்னங்கால் மடங்கிப் படுத்திடும், கண் திறந்தபடி, கொஞ்சத்தால எழும்பி அடுத்த துண்டுக்குப் போகும், திரும்ப விழும். எத்தினை தரம் விழுந்தது, எவ்வளவு நேரம் எடுத்ததெண்டு எழுதிறது. மருந்து குடுத்த நாயையும் குடுக்காத நாயையும் இப்பிடித்தான் ஒப்பிட்டவை.

மின்யோ பிரான்சில வைத்தியம் படிச்சவர், 1980-களின்ர நடுப்பகுதியில தன்ர கட்டாய இராணுவ சேவைக்குப் பதிலா மொடாஃபினில் எண்ட, நித்திரையை விரட்டுற மருந்தை இந்த நாயளில பாக்கிறதுக்கெண்டு ஸ்டான்ஃபோர்டுக்கு வந்தவர். கொஞ்சக் காலத்துக்கெண்டு வந்த மனுசன் நிண்டுட்டார். டோபர்மனில இந்த வருத்தம் ஒரு ஒற்றை ஜீனால வருது, தாயிட்டயும் தேப்பனிட்டயும் இருந்து ரெண்டு கொப்பியும் வந்தாத்தான் வருத்தம் காட்டும், அப்ப அந்த ஜீன் எது எண்டு தேட வெளிக்கிட்டவர். இப்ப உமக்கு இது ரெண்டு மூண்டு மாச வேலை மாதிரித் தெரியும். அந்தக் காலத்தில நாயின்ர ஜினோம் வாசிக்கப்படேல்ல, அது வந்தது 2005-ல. வரைபடமே இல்லாமல் க்ரோமசோமில ஒரு அடையாளத்தில இருந்து அடுத்த அடையாளத்துக்கு நகர்ந்து நகர்ந்து போகவேணும், அதுக்கு நாயளைக் கலந்து குட்டி போடவச்சு, ஒவ்வொரு குட்டிக்கும் வருத்தம் இருக்கா எண்டு பாக்கவேணும், ஒரு குட்டி வளர மாசக்கணக்கு. கிட்டத்தட்ட பத்து வருசம் போனது. அந்தக் காலத்தில மருந்து பற்றின பேப்பருகள் வந்துகொண்டுதான் இருந்தது, ஆனா தேடினது கிடைக்கேல்ல. இந்தப் பத்து வருசத்தைத்தான் நீர் முக்கியமாப் பாக்கவேணும் எண்டு நான் சொல்லுவன், ஏனெண்டா நம்பர் போடுற எந்தக் கணக்கிலயும் அது தெரியாது.

1999 ஆகஸ்டில முடிவு வந்தது, செல் எண்ட சஞ்சிகையில. ஹைப்போக்ரெட்டின் ரிசெப்டர் 2 எண்ட ஜீன் பழுதுபட்டிருக்கு. ஹைப்போக்ரெட்டின் எண்டது ஆளை முழிப்பா வச்சிருக்கிற மூளைச் சமிக்ஞை மூலக்கூறு, ரிசெப்டர் எண்டது அதை வாங்குற வாங்கி. இதில அதிசயம் என்னெண்டா அந்த மூலக்கூறே உலகத்துக்குத் தெரியவந்தது முதல் வருசம்தான். 1998-ல ரெண்டு குழு வேற வேறயா அதைக் கண்டவை. ஒரு பக்கம் லூயிஸ் டி லெசியா, தோமஸ் கில்டஃப், கிரெகர் சட்க்ளிஃப் ஆக்கள் ஹைப்போக்ரெட்டின் எண்டு பேர் வச்சவை, மற்றப் பக்கம் டெக்சாசில மசாஷி யனகிசாவா, தகேஷி சகுராய் ஆக்கள் ஒரெக்சின் எண்டு பேர் வச்சவை, பசியோட சம்பந்தம் எண்டு நினைச்சு. யனகிசாவா ஆக்கள் ஒரெக்சின் இல்லாத எலியைச் செய்து, எலி இரவில திரியிற மிருகம் எண்டபடியா இருட்டில இன்ஃப்ராரெட் கமராவால பாத்தா, ஓடிக்கொண்டிருந்த எலி சட்டெண்டு விழுந்து படுக்குது. அதுவும் 1999 ஆகஸ்டில அதே செல்லில வந்தது. ஒராள் நோயில இருந்து மூலக்கூறுக்கு வந்தவர், மற்றவர் மூலக்கூறில இருந்து நோய்க்கு வந்தவர். 2023-க்கான பிரேக்த்ரூ எண்ட பெரிய விஞ்ஞானப் பரிசை மின்யோ, யனகிசாவா ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் குடுத்தவை.

2000-ல மனுசரில பாத்தா, அநேகமான ஆக்களுக்கு ஜீன் பழுதில்லை, அந்த ஹைப்போக்ரெட்டினே இல்லை. செய்ஜி நிஷினோ, மின்யோ ஆக்கள் முள்ளந்தண்டுத் திரவத்தை எடுத்துப் பாத்தவை, ஒன்பது நோயாளியில ஏழு பேருக்கு ஹைப்போக்ரெட்டின் அளக்கிற அளவிலயே இல்லை. அதே வருசம் ஜெரோம் சீகல் ஆக்கள் செத்த ஆக்களின்ர மூளையில அந்த நியூரோனுகள் 85-இல இருந்து 95 வீதம் குறைஞ்சுபோயிருக்கிறதைக் காட்டினவை. பிறகு அந்த ரிசெப்டரை மறிக்கிற சுவோரெக்சண்ட் எண்ட நித்திரைக் குளிசை 2014-ல அமெரிக்காவில அனுமதி எடுத்தது. இதுதான் ஒரு ரிசேர்ச் வாழ்க்கையின்ர தாக்கம், நாயில துவங்கி நோயாளியின்ர கைக்கு வந்த குளிசை வரைக்கும்.

இப்ப மின்யோவின்ர சைட்டேஷனைப் பிரியும். நாய் ஜீன் பேப்பருக்கு ஆயிரக்கணக்கில இருக்கு. ஆனா 2004-ல விஸ்கொன்சின் ஆக்களோட சேந்து 1024 பேரின்ர நித்திரையையும் லெப்டின், கிரெலின் எண்ட பசி ஹோர்மோனுகளையும் பாத்த ஒரு பேப்பர் இருக்கு, குறைய நித்திரை கொள்ளுற ஆக்களுக்கு கிரெலின் கூட, லெப்டின் குறைய, உடம்புப் பருமன் கூட எண்டு. அதுக்கும் ஆயிரக்கணக்கில. ஏன்? உடம்புப் பருமன், நீரிழிவு, ஹோர்மோன் எண்டு எழுதுற எல்லாரும் அதை எடுக்கினம், அந்த உலகம் நார்கொலெப்சி உலகத்தை விட எவ்வளவோ பெரிசு. அது நல்ல வேலைதான், ஆனா அது ரெண்டு விஷயம் சேந்து போகுதெண்டு காட்டின பேப்பர், எது எதுக்குக் காரணம் எண்டு காட்டினதில்லை. அந்த நாய்ப் பேப்பர் காரணத்தையே கையில எடுத்துத் தந்தது. சைட்டேஷன் கணக்கு ரெண்டையும் ஒரே தராசிலதான் போடும். இதோட மற்ற ஆக்களின்ர வேலையைத் தொகுத்து எழுதுற ரிவியூ பேப்பருகள், பிறகு நூறு ஆக்கள் கையெழுத்துப் போடுற பெரிய ஜெனெட்டிக்ஸ் பேப்பருகள், எல்லாம் சேந்துதான் நீர் கண்ட அந்த நம்பர்.

இன்னொரு வகையும் சொல்லோணும், அது நித்திரைத் துறையில சரியா விளங்கவேண்டியது. இந்தத் துறையில மிகக் கூடச் சைட் பண்ணப்படுற பேப்பருகளில ரெண்டு, கண்டுபிடிப்பே இல்லை, கேள்விக்கொத்து. 1989-ல டானியல் பைஸ் ஆக்கள் வெளியிட்ட பிட்ஸ்பேர்க் நித்திரைத் தர அளவு, 1991-ல மெல்பேர்னில மரே ஜோன்ஸ் எழுதின எப்வேர்த் அளவு. எப்வேர்த்தில எட்டுக் கேள்விதான், ஒவ்வொண்டுக்கும் பூச்சியத்தில இருந்து மூண்டு வரைக்கும் புள்ளி, கூட்டினா 24 வரைக்கும் வரும், பத்துக்கு மேல போனா பகல் நித்திரை கூட எண்டு அர்த்தம். அதைப் பாவிக்கிற ஒவ்வொருத்தரும் சைட் பண்ணியே ஆகவேணும். சட்டை தைக்கிற ஒவ்வொரு தையல்காரரும் அளவு நாடா செய்தவரின்ர பேரைச் சட்டையில குத்தினா எப்பிடி இருக்குமோ அதுதான். அளவு நாடா தேவை, அதைச் செய்தவருக்கு மரியாதை வேணும், ஆனா அந்த எண்ணிக்கையைக் கொண்டுபோய் ரெம் கண்டவரோட ஒப்பிடக்கூடாது.

எப்வேர்த்தை எங்கட ஆக்களிட்டக் கேட்டுப் பாத்தீரெண்டா இன்னொண்டும் விளங்கும். மத்தியானம் சாப்பிட்டிட்டு அமைதியா இருக்கேக்க நித்திரை தூங்குமோ எண்டு ஒரு கேள்வி, டிராஃபிக்கில கார் நிக்கேக்க தூங்குமோ எண்டு ஒரு கேள்வி. சைக்கிளிலயும் மோட்டச்சைக்கிளிலயும் திரியிற ஒரு சாவகச்சேரி ஐயாவிட்ட கார்க் கேள்விக்கு என்ன புள்ளி போடுறது? சோறும் கறியும் சாப்பிட்டு ரெண்டு மணி வெயிலில சாய்மனைக் கதிரையில சரிஞ்சா இஞ்ச ஆருக்குத்தான் கண் சொருகாது? அப்ப பத்து எண்ட வெட்டுப்புள்ளி எங்களுக்கும் பத்துத்தானோ எண்டு ஆராவது இருந்து பாக்கத்தான் வேணும். அந்த வேலை பெரிசா சைட் பண்ணப்படாது. ஆனா பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில ஒரு நோயாளிக்கு முன்னால இருக்கிற டொக்டருக்கு அதுதான் உதவும். குருநகர், மயிலிட்டிப் பக்கம் இரவில கடலுக்குப் போற ஆக்கள் பகலில எப்பிடி, எவ்வளவு நித்திரை கொள்ளினம், அது அவையின்ர பிரஷரையும் சீனியையும் என்ன செய்யுது, இதை அளக்கிறதுக்குப் பெரிய லாப் தேவையில்லை, அசைவை வச்சு நித்திரையை அளக்கிற, கையில கட்டுற அக்டிகிராஃப், ஒரு நித்திரை டயரி, வீடு வீடாப் போகக்கூடிய ஆக்கள் இருந்தாக் காணும். ஏஎல் பிள்ளையளை விடியக்காலமை நாலு மணிக்கு எழுப்பிப் படிக்கவைக்கிறது எங்கட ஊரில பெருமையான விஷயம், ஆனா டிமெண்டின்ர மாணவி மேரி காஸ்கடன் பருவ வயசுப் பிள்ளையளின்ர உடம்பு மணிக்கூடு பிந்தித்தான் ஓடுதெண்டு எவ்வளவு காலத்துக்கு முதலே காட்டிட்டா. இதுகளை எங்கட பிள்ளையளில அளந்து எழுதுங்கோ எண்டு எனக்குக் கத்தவேணும் போல இருக்கும்.

மின்யோவைப் பற்றி இன்னொரு விஷயம், எனக்கு அவற்ற மேல மரியாதை கூடினதே இதாலதான். 2009, 2010-ல பன்றிக்காய்ச்சலுக்குப் போட்ட பாண்டெம்ரிக்ஸ் தடுப்பூசிக்குப் பிறகு பின்லாந்து, சுவீடன் பக்கம் பிள்ளையளுக்கு நார்கொலெப்சி கூடினது. உடம்பின்ர நோயெதிர்ப்பே அந்த நியூரோனுகளைக் கொல்லுதோ எண்டது பெரிய கேள்வி. 2013-ல மின்யோவின்ர லாப் அதுக்கு நேரடி ஆதாரம் கிடைச்சதெண்டு ஒரு பேப்பர் போட்டவை, எல்லாரும் கொண்டாடினவை. பிறகு தங்கட லாபிலயே திரும்பச் செய்து பாக்கேக்க அதே முடிவு வரேல்ல, 2014-ல தாங்களே அதை வாபஸ் வாங்கினவை. 2018-ல சுவிற்சர்லாந்தில இருந்து ஃபெடெரிக்கா சலூஸ்டோ ஆக்கள் வேற முறையில அந்த நோயாளியளிட்ட ஹைப்போக்ரெட்டினுக்கு எதிரான டி செல்லுகள் எண்ட நோயெதிர்ப்புக் கலங்கள் இருக்கெண்டு காட்டினவை, மின்யோ ஆக்களும் அந்த வருசமே புதுசா வேலை செய்து வெளியிட்டவை. இவ்வளவு பேர் எடுத்த ஆள் ஒராள் உலகத்துக்கு முன்னால வந்து எங்கட முடிவு திரும்ப வரேல்ல எண்டு சொல்லுறது லேசான வேலை இல்லை. இதுக்கு எந்த இண்டெக்ஸிலயும் புள்ளி இல்லை.

எங்கட பக்கம் இப்ப உலகத்தின்ர முதல் ரெண்டு வீத விஞ்ஞானியள் எண்டு ஒவ்வொரு வருசமும் ஒரு லிஸ்ட் வரேக்க ஃபேஸ்புக் முழுக்க வாழ்த்து வரும். அது ஜோன் ஐயோனிடிஸ் ஆக்கள் ஸ்கோப்பஸ் எண்ட ஆய்வுப் பேப்பர்த் தரவுத்தளத்தின்ர கணக்கை வச்சுச் செய்யிறது, தன்னைத்தானே சைட் பண்ணினதை விலத்தியும் கணக்குக் காட்டுவினம், பேர் எந்த இடத்தில இருக்கெண்டும் பாப்பினம், அப்ப வெறும் எச்-ஐ விட நல்லது. அதில வாற எங்கட ஆக்களுக்குப் பெருமைப்படத்தான் வேணும். ஆனா ஹேர்ஷே 2020-ல தன்ர இண்டெக்ஸ் சில இடத்தில மோசமாப் பிழைக்கும் எண்டு எழுதினவர். அதுக்கு முதல், 1964-ல யூஜின் கார்ஃபீல்ட் சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸைத் துவங்கினதே ஒரு யோசனை எங்க இருந்து எங்க போகுதெண்டு தேடிப் பிடிக்கிறதுக்கு, ஆக்களை நிறுக்கிறதுக்கில்லை. நீரும் அதை அப்பிடியே பாவியும்: அந்த நாய்ப் பேப்பரைத் திறந்து, அதை ஆரார் சைட் பண்ணினவை எண்டதை அமத்தி, வருச வாரியாப் பாத்துக்கொண்டு வாரும். இந்தத் துறையின்ர இருபத்தஞ்சு வருசத்தையும் ஒரு கிழமையில படிச்சிடலாம்.

சுப்பவைசர் விஷயத்துக்கு வாறன். எச் நூறு இருக்கிற ஆளிட்டப் போனா நீர் அவரைக் காணுறதே அரிது, அன்றாடம் உமக்குப் படிப்பிக்கிறது அங்க இருக்கிற போஸ்ட்டொக், அதாவது பிஎச்டி முடிச்சு அந்த லாபில வேலை செய்யிற ஆள். அது சில ஆக்களுக்கு ஒத்துவரும், எல்லாருக்கும் இல்லை. ஒராளின்ர கடைசி அஞ்சு வருசப் பேப்பருகளை மட்டும் எடும், அதில கடைசிப் பேரா அவர் நிக்கிற பேப்பருகளைப் பிரியும், எங்கட துறையில கடைசிப் பேர்தான் லாபை நடத்துற ஆள். அதுகளின்ர முதல் பேரில இருக்கிற பிள்ளையள் இப்ப எங்க நிக்கினம் எண்டு தேடும். பிஎச்டி முடிச்சுச் சொந்தக் காலில நிண்டு எழுதினமோ, இல்லை ஒரு பேப்பரோட காணாமல் போட்டினமோ. எச் இருபத்தஞ்சு, முப்பது இருக்கிற, லாப் துவங்கி ஏழெட்டு வருசமான ஆள் ஒராளிட்ட இருந்து நல்ல மாணவர் மூண்டு நாலு பேர் வந்திருந்தா நான் உம்மை அங்கதான் போகச் சொல்லுவன்.

ஈமெயில் எழுதேக்க அவற்ற சைட்டேஷனைப் புகழாதையும், அதை ஒவ்வொரு நாளும் ஆராவது எழுதினம். அவற்ற ஒரு பேப்பரில ஒரு படத்தை எடுத்து, இதில இந்தக் குழுவில மட்டும் ஏன் இப்பிடி வந்தது, இதை இரவில வேலை செய்யிற ஆக்களில பாத்தா என்ன வரும் எண்டு நாலு வரி கேளும். இஞ்ச நீர் செய்த ஒரு சின்ன வேலை, கம்பஸில இறுதி வருசத்துக்குச் செய்த ரிசேர்ச் எண்டாலும் சரி, அதின்ர முறையையும் எத்தினை பேரில செய்ததெண்டதையும் ரெண்டு வரியில போடும். எப்வேர்த்தைத் தமிழில கொண்டுவாற யோசனை உமக்குப் பிடிச்சா, முதல் மரே ஜோன்ஸின்ர பக்கத்திட்ட அனுமதி எடுக்கவேணும், அது சும்மா பாவிக்கிற சாமான் இல்லை, எதிக்ஸ் கொமிட்டிக்கும் அந்த அனுமதிக் கடிதத்தைச் சேத்துத்தான் போடவேணும். அதில நிண்டா எழுதும், ப்ரொப்போசலை நான் வாசிச்சுத் தாறன்.